கடைசி ரீலில் வந்த கலர்

"ஐயய்யோ, இன்னாப்பா இது!"

கரீம் பாய் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினோம். தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஒருவர், உள்ளே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று இறங்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

டிவியில் பவளத்தீவு மகாராணி அரண்மனைப் படியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் ரோஸ். கிரீடம் ரோஸ். பின்னால் நின்ற மரம், மரத்துக்கு மேலே வானம், வானத்தில் பறந்த புறா எல்லாம் ரோஸ். எந்தப் புடவையின் நிறத்துக்காக எங்கள் ஊர் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டதோ, அந்தப் புடவையும் ரோஸ்.

என் கல்யாணமே அந்தப் புடவையின் நிறத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சை என்றால் என் அப்பா ஜெயித்தார். அரக்குச் சிவப்பு என்றால் சித்தப்பா ஜெயித்தார். ரோஸ் என்றால் யார் என்ன செய்வது என்று யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் தொட்டதற்கெல்லாம் அதிர்ந்துபோகிற ஜென்மம். குழாயில் தண்ணீர் வந்தால்கூட நெஞ்சில் கை வைத்துக்கொள்வேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் அன்றைக்கு ரோஸைப் பார்த்து நான் பட்டது அதிர்ச்சியே அல்ல. அலறல் அடங்கினதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டார். அதுதான் அதிர்ச்சி. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் படத்தைச் சொல்ல வேண்டும்.

ஆமையின் செருப்பு

"பவளத்தீவு மகாராணி" என்ற படத்தை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ. மெட்ராஸில் அது ஒரு வாரம் ஓடியதா என்பதே சந்தேகம். காஞ்சிபுரத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவைக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்கீஸில் அந்தப் படத்தைப் போட்டுவிடுவார்கள். விடியலில் பெருமாளைக் கருடன் மேல் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கூட்டம், மத்தியானம் குழந்தைகளை ஆமை மேல் பார்த்து விசிலடிக்கும்.

கதை இதுதான். மகாராணி சிரித்தால் கடலில் மீன்கள் துள்ளும். பொறாமை பிடித்த மந்திரவாதி ஒருத்தன் அவள் சிரிப்பைத் திருடிச் செப்புப் பெட்டியில் பூட்டிவிடுகிறான். அவளுடைய மூன்று பிள்ளைகளும் ஒரு பேசும் ஆமையின் முதுகில் ஏறி, கடலெல்லாம் தாண்டிப் போய்ப் பெட்டியைக் கொண்டுவருகிறார்கள். பெட்டி திறக்கிறது. மகாராணி சிரிக்கிறாள். சுபம்.

ஆமை அட்டையில் செய்தது. உள்ளே ஆள். ஒரு காட்சியில் ஆமை மணலில் ஏறும்போது அடியில் ரப்பர் செருப்புப் போட்ட கால் பளிச்சென்று தெரியும். அது தெரிந்ததும் டாக்கீஸ் முழுக்க, "செருப்பு! செருப்பு!" என்று கத்தும். தாத்தாக்கள்கூடக் கத்துவார்கள். ஒரு வருஷம் பிலிம் அறுந்து அந்த இடம் மட்டும் ஓடாமல் போய்விட்டது. ஜனங்கள் எழுந்து நின்று தகராறு செய்து, ஒட்டித் திரும்ப ஓட்டவைத்தார்கள்.

ஒரே படத்தை ஏன் அப்படிப் பார்த்தோம்? எல்லாருக்கும் எல்லா வசனமும் மனப்பாடம். மந்திரவாதி வாயைத் திறக்குமுன் ஊர் சொல்லிவிடும். தெரிந்த கதையைத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு தெம்பு இருந்தது, அவ்வளவுதான்.

ஊர் போட்ட சாயம்

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்கிற ஒரு கூத்து உண்டு.

கடைசிக் காட்சியில் மகாராணி பட்டுடுத்திப் படியில் வந்து நிற்பாள். உடனே டாக்கீஸின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் குரல் கிளம்பும். "அரக்குடா!" "கிளிப்பச்சைப்பா, கண்ணு இன்னா போச்சா?" "மாம்பழக் கலரு, கரை கத்திரிப்பூ!" கத்துகிறவர் எல்லாம் தறிக்காரர்கள். அது காஞ்சிப் பட்டுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்தத் தெருவில் நெய்தது, என்ன சாயம் என்பதில்தான் சண்டை.

மெட்ராஸிலிருந்து வந்த என் மாமா பையன் ஒரு தடவை, "படமே பிளாக் அண்ட் ஒயிட்டாச்சே, இவங்க எதுக்குச் சண்டை போடறாங்க?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றுவரை அது கருப்பு வெள்ளைப் படம் என்று எனக்கு உறைத்ததே இல்லை. ராணியின் புடவை கிளிப்பச்சை என்று அப்பா சொல்லியிருந்தார். நான் கிளிப்பச்சையாகவேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிறத்தின் அழுத்தத்தை வைத்து இது இன்ன சாயம் என்று சொல்லிவிடலாம் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அப்பா அதற்கு ஒரு பிரசங்கமே செய்வார். "அரக்குன்னா கருப்பா விழும். இது மினுக்கிக்கினு விழுது பாரு. பச்சைதான்."

என் சித்தப்பா துரை அதற்கு மசியமாட்டார். "அரக்குதாண்ணா" என்று சிரித்தபடி சொல்வார். அப்பா மாணிக்கத்துக்கு ஒரே தம்பி அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயேதான் சாப்பாடு, தூக்கம், தறி எல்லாம். என்னைத் தூக்கி வளர்த்தவர், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர், என் பொய்களுக்கெல்லாம் துணை நின்றவர். ஊரில் வேறு எந்தப் படம் வந்தாலும் போகமாட்டார். "கலர் படம்லாம் கண்ணு கூசுதும்மா" என்பார். இந்தப் படத்துக்கு மட்டும் எங்களோடு ஒரு தடவை, பிறகு தனியாகவும் போய்வருவார்.

தட்டிலிருந்த புடவை

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தறியில் உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்தவர்கள். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகவேண்டும். ஒருவர் தனியாகச் செய்யமுடியாது. ஒருவர் உடலுக்கு நாடாவை, அதாவது நூல் சுற்றிய கட்டையை, ஓட்ட, ஓரத்தில் உட்கார்ந்த இன்னொருவர் கரைக்கு நாடாவைக் கொடுக்கவேண்டும். எங்கள் வீட்டில் உடல் அப்பா, கரை சித்தப்பா. அவர்கள் நெய்த புடவையில் உடலும் கரையும் சேர்கிற இடத்தை விரலால் தடவினால் ஒன்றும் தட்டாது.

நான் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்தபோது, சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சீர்த்தட்டில் பட்டுப் புடவைகள் அடுக்கியிருந்தன. பேச்சு வழக்கம்போல மகாராணி புடவைக்கு வந்துவிட்டது. அப்பா கிளிப்பச்சை என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். சித்தப்பாவுக்கு அன்றைக்கு என்ன உற்சாகமோ, எழுந்து போய்த் தட்டிலிருந்து ஒரு புடவையை எடுத்துச் சபைக்கு நடுவில் தூக்கிப் பிடித்தார்.

"இதோ பாருங்கப்பா, அரக்கு! அச்சு அசல் இதான் மகாராணி பொடவை!"

அவர் கையில் இருந்தது பச்சைப் புடவை. நல்ல இலைப்பச்சை.

சபை கொல்லென்று சிரித்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "மாணிக்கம், உன் தம்பி உன்ன நல்லா வாரிட்டான்பா!" என்றார் யாரோ. அப்பாவுக்குப் புரிந்ததும் அதுதான். பச்சையைக் காட்டி அரக்கு என்று சொல்லி, அண்ணனின் பச்சையைப் பத்துப் பேர் நடுவில் கேலி செய்கிறான் தம்பி.

சித்தப்பாவும் முதலில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். பிறகு கையிலிருந்த புடவையைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் அவர் மட்டும் சிரிப்பை நிறுத்தியதை நான் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

"சபையில வச்சி என்ன கோமாளி ஆக்கிட்ட இல்ல?" என்றார் அப்பா. "இனிமே என் தறியில உன் கை படக்கூடாது."

கோபத்தில் சொன்ன வார்த்தை. விடிந்தால் ஆறிப்போகும் என்று எல்லாரும் நினைத்தோம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை தம்பி சொல்லியிருந்தால் அப்பா தண்ணீராகியிருப்பார். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வீட்டின் பின்கட்டுக்குத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே தனியாக ஒரு தறி போட்டு, ஏகாம்பரம் முதலாளியிடம் பட்டு வாங்கி நெய்ய ஆரம்பித்தார். அதுவும் உடலும் கரையும் ஒரே நிறமாக இருக்கிற புடவை மட்டும். கோர்வை கொடுத்தால் வேண்டாம் என்றுவிடுவார்.

"திமிருடி. அண்ணன் இல்லாம கோர்வை தொடமாட்டாராம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்துப் பின்கட்டுக்கு அனுப்புவாள். கிண்ணம் போவதும் வருவதும் அப்பாவின் கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, ஒரே வாசலில் செருப்பை விட்டுக்கொண்டு, அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள்.

கரைக்கு ஆள் இல்லை

எனக்கு ஐயம்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்துக்கு முகூர்த்தம் குறித்தார்கள். அப்போதுதான் வினை முற்றியது.

எங்கள் வீட்டில் பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு வீட்டுத் தறியில், வீட்டு ஆள் கையால் நெய்யவேண்டும். கோர்வைதான். வெளியாளைக் கரைக்கு உட்காரவைக்க அப்பா ஒப்பவில்லை. தம்பியைக் கூப்பிடவும் ஒப்பவில்லை. வெறும் தறிக்கு முன்னால் தினமும் போய் உட்கார்ந்து எழுந்து வந்தார். நாள் போய்க்கொண்டிருந்தது.

நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். "நீங்க வராத கல்யாணம் எனக்கு வேணாம் சித்தப்பா" என்றேன். அவர் என் தலையைத் தடவினார். "நான் வந்தா இன்னும் கெட்டுப் போயிடும்மா" என்றார். என்ன கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையின் சினிமாப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் "பவளத்தீவு மகாராணி". அந்தப் படத்தின் கடைசி ரீல் கலரில் எடுக்கப்பட்டது. பெரிய ஊர்களுக்கு மட்டும் கலர் பிரிண்டு போனது. மற்ற ஊர்களுக்கு முழுக்கக் கருப்பு வெள்ளையிலேயே அனுப்பினார்கள்.

ஊர் ஆடிப்போய்விட்டது. கலரா? நம் ராணியைக் கலரில் எடுத்துவிட்டு, நமக்கு மட்டும் கருப்பு வெள்ளையைத் தள்ளிவிட்டானா? காஞ்சிபுரத்துக்கா? சாயம் போடுகிற ஊருக்கா? அந்த வாரம் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

சரிகை வியாபாரம் செய்த கரீம் பாய் இரண்டு தறிக்கும் பழக்கமானவர். தெருவில் கலர் டிவி இருந்ததும் அவர் வீட்டில்தான். அவர் அப்பாவிடம் வந்தார்.

"மாணிக்கம், ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வாங்க. கலரு எதுவோ அது ஆண்டவன் தீர்ப்பு. தோத்தவன் ஜெயிச்சவன்கிட்ட மாப் கேட்டுட்டு, மறுநாள் தறியில உக்காரணும். புள்ள கல்யாணம்பா, வம்பு வேணாம்."

அப்பா உடனே சரி என்றார். கிளிப்பச்சை என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. சித்தப்பா வெகுநேரம் யோசித்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்காக வரேன்" என்றார்.

பாய் வீட்டுப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக் கூடம் கருடசேவை மாதிரி நிரம்பிவிட்டது. பாயம்மா பெரிய தட்டுகளில் முறுக்கும் டீயும் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஏகாம்பரம் முதலாளியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா ஒரு சுவரோரம். சித்தப்பா எதிர்ச் சுவரோரம், என் பக்கத்தில்.

படம் ஆரம்பித்தது. மந்திரவாதி சிரிப்பைத் திருடினான். பிள்ளைகள் ஆமை மேல் ஏறினார்கள். ஆமை மணலில் ஏறியதும் கூடமே, "செருப்பு! செருப்பு!" என்று கத்தியது. அப்பாவும் கத்தினார். சித்தப்பாவும் கத்தினார். கத்திவிட்டு இரண்டு பேரும் தற்செயலாக ஒருவரை ஒருவர் பார்த்து, சட்டென்று டிவிக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

செப்புப் பெட்டி திறந்தது. படம் ஒரு கணம் நின்று துள்ளியது. பிறகுதான் அந்த ரோஸ்.

பிலிம் பழசாகிச் சாயமெல்லாம் வெளுத்து, ரோஸ் ஒன்று மட்டும் மிச்சம் நின்றிருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது யாருக்குத் தெரியும்? பாய் ஓடிப்போய்ப் பெட்டியின் காதைத் திருகினார். பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ரோஸ் போகவில்லை. "அநியாயம்பா", "இன்னா பொட்டி பாய் இது?", "இதுக்கா ஒரு வாரமா காத்துக்கினு இருந்தோம்?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பிறகு கத்திக் களைத்து எல்லாரும் ஒன்றாக ஓய்ந்தார்கள்.

கலர் எப்ப வரும்?

அந்த அமைதியில்தான் சித்தப்பா என் பக்கம் குனிந்தார். ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்தது.

"ஏம்மா செல்வி, படம் முடியப் போவுதே. கலரு எப்ப வரும்?"

எனக்கு உட்கார்ந்திருந்த தரை நழுவியது. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கலருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அலறியதைப் பெட்டி கெட்டுப்போனதற்கு அலறியதாக நினைத்திருந்தார் போலும்.

அத்தனை தலைகளும் திரும்பின. வாய்க்குக் கொண்டுபோன முறுக்கு அந்தரத்தில் நின்றது. சாயம்தான் சோறு போடுகிற ஊர் அது. கூடம் முழுக்கத் தறிக்காரர்கள். அவர்கள் நடுவில் ஒருவருக்கு, எதிரில் எரிகிற ரோஸ் வெறும் சாம்பலாகத் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் முதலாளியின் வாய் திறந்தபடி இருந்தது. நிறம் தெரியாத கையை நம்பி எந்த முதலாளி பட்டைக் கொடுப்பான்?

சித்தப்பா எல்லா முகங்களையும் பார்த்தார். அந்த நிச்சயதார்த்தத்தில் பார்த்த அதே முகம் அவருக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பச்சைப் புடவை. ஒரே நிறப் புடவைகள். தக்காளியைப் பார்த்து வாங்காமல் ஒவ்வொன்றாக அமுக்கி வாங்குவது. "அண்ணி, இது எந்த தாரு?" என்று அம்மாவைத் தினமும் கேட்டு, நூல் சுற்றிய தாரை வாங்கிக்கொண்டது. எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

எதிர்ச் சுவரோரம் அப்பா எழுந்து நின்றார். ஜெயித்தேன் என்று சொல்லப்போகிறாரா, வேறேதாவது சொல்லிவிடப்போகிறாரா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பியிடம் பேசினார்.

"கலரு வரலடா துரை. பேப்பர்காரன் புளுகிட்டான். கருப்பு வெள்ளதான்."

ரோஸ் மகாராணி ரோஸ் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வாயைத் திறந்தது பாயம்மாதான். "ஆமாங்க. கருப்பு வெள்ளதான் வருது. நானும் அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். "ஆமாப்பா, ஏமாத்திட்டானுங்க" என்றார் பாய். பாய் வீட்டுப் பேத்தி, வாண்டு, "இல்ல, கலரு..." என்று ஆரம்பித்தது. பாயம்மா அதன் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தார்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிவியைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார்.

"கருப்பு வெள்ளதான்" என்றார். "வழக்கு தள்ளுபடி. ரெண்டு பேரும் தறிக்குப் போங்கப்பா."

வீட்டுக்கு வந்ததும் அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தினி வருசம் முழங்கால் இடிச்சிக்கினு ஒண்ணா ஒக்காந்துக்கினு இருந்தேனே. எனக்குத் தெரியலியேடி. கேலி பண்றான்னு தொரத்திட்டேனே." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பாவுக்கெல்லாம் அழத் தெரியும் என்பதே எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

காலையில் சித்தப்பா தறிக்கு வந்தார். கரையோரம், பழைய இடத்தில் உட்கார்ந்தார். அப்பா அவர் கையில் நாடாவைக் கொடுத்து, ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி, "கரைக்கு அரக்கு" என்றார். உடல் கிளிப்பச்சை. வேறெந்த நிறத்தையும் யாரும் யோசிக்கவில்லை.

மண்டபத்தில் ஒரு கேள்வி

தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். புதுவேட்டி, சந்தனம். என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையை எடுத்து, உடலும் கரையும் சேர்கிற இடத்தை விரலால் தடவினார்.

"எப்படி இருக்குது சித்தப்பா?" என்றேன்.

"அப்படியே மகாராணிதான்."

சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு பாய் வீட்ல இன்னா கலரும்மா வந்துச்சு?"

எனக்கு மாலையெல்லாம் சேர்ந்து ஆடியது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"ரோஸு சித்தப்பா" என்றேன். "எல்லாமே ரோஸு."

"ரோஸா!" அவர் பின்னால் சாய்ந்தேவிட்டார். "நம்ம மகாராணிக்கா? அடப்பாவிங்களா! அப்ப ஊர்ல ஒருத்தன்கூட சரியா சொல்லலியா!" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு நின்றதும், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மத்த படத்துலல்லாம் நீங்க பாக்கறது எனக்குத் தெரியாதும்மா. இது ஒண்ணுலதான் நான் பாக்கறதையே ஊரும் பாத்துச்சு. நான் அரக்குன்னு கத்தினா தப்புன்னு சொல்ல எவனாலயும் முடியாது. அதுக்குத்தான் போய்க்கினே இருந்தேன்."

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த அப்பா, "துரை, எங்கடா போய்ட்ட?" என்று கூப்பிட்டார்.

"வந்துட்டேண்ணா" என்று குரல் கொடுத்துவிட்டு, சித்தப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதம்மா. பொறந்ததுலேந்து அவன் ஒரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல. எனக்காக ஊரக் கூட்டி வச்சி ஒண்ணு சொன்னான். அது அப்படியே இருக்கட்டும்."